மழை, மின்சாரம், கொழுந்து: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் என்றால் துருவத்தில் பனி உருகுவதைச் சொல்கிறார்கள். எங்கள் பிழைப்புக்கும் நாட்டின் வளர்ச்சிக்கும் அதில் என்ன இருக்கிறது?

இலங்கை மலையகத்தில் ஒரே மழைதான் மூன்று வேலை செய்கிறது. தேயிலைக் கொழுந்தைத் துளிர்க்க வைக்கிறது. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களை நிரப்பி நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது. அளவு மீறிப் பெய்தால் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டைச் சரிய வைக்கிறது. மழை வரும் காலமும் பெய்யும் வேகமும் மாறினால் சம்பளம், மின்கட்டணம், குடியிருக்கும் வீடு மூன்றும் ஒன்றாக அடிபடும்.

நாட்டுக் கணக்கிலும் இதுதான் நடக்கிறது. 2024இல் தேயிலை ஏற்றுமதியால் இலங்கைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.4 பில்லியன் டாலர். அதே வருடம் எரிபொருள் இறக்குமதிக்குப் போனது 4 பில்லியன் டாலருக்கும் மேல். வறட்சி வந்தால் கொழுந்து குறைந்து வருகிற டாலர் குறையும். அணையில் தண்ணீர் வற்றுவதால் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் போகிற டாலர் கூடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுபடுவதுதான் எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பெரிய ஆபத்து. பணக்கார நாட்டில் வறட்சியின் அடி பெரும்பாலும் விவசாயத்தோடு நிற்கும். இங்கே அது அந்நியச் செலாவணியையே தொட்டுவிடும்.

வருடம் முழுக்கப் பெய்த மழையைக் கூட்டினால் பழைய அளவுதானே வருகிறது? பிறகு ஏன் வறட்சி என்கிறார்கள்?

கூட்டுத்தொகையைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிறது, மழை இல்லாத நாட்கள் நீளுகின்றன. பத்து நாளில் 10 மில்லிமீற்றர் வீதம் பெய்த மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். அதே 100 மில்லிமீற்றர் ஒரே இரவில் கொட்டினால் பெரும்பகுதி வடிகால் கான் வழியாக ஆற்றுக்கு ஓடிவிடும், மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு. மழைமானிக்கு இரண்டும் 100தான். தேயிலை வேருக்கு அப்படியல்ல.

வெயில் ஒரு பாகை கூடினால் தேயிலைக்கு என்ன ஆகிவிடும்?

மலையில் 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். அதைத் திருப்பிப் பாருங்கள்: 1 பாகை கூடுவது, தோட்டம் முழுவதும் 150 மீற்றர் கீழே இறங்குவதற்குச் சமம். ஹட்டன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றரில் இருக்கிறது. 1,200 மீற்றருக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்று விற்கிறோம். ஒரு பாகை கூடினாலே அங்குள்ள காலநிலை நடுநிலத் தோட்டங்களுடையதாகிவிடும். பெட்டியில் உயர்நிலம் என்று எழுதலாம், ஆனால் விலை கொடுப்பவர் நாக்கை நம்புகிறவர். டிம்புள்ள பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரையும் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் வரும் வாசனைப் பருவம், குளிர்ந்த இரவும் உலர்ந்த காற்றும் சேர்ந்து தருவது. அந்த வாரங்களில் மழை புகுந்தால் அந்த வருட உயர்விலை போய்விடும்.

செடிக்கு உகந்தது 18 முதல் 25 பாகை வரை. 30ஐத் தாண்டி, காற்றும் காய்ந்திருந்தால் துளிர் நீளுவது நின்று, வளராமல் உறங்கிக் கிடக்கும் வங்கிக் கொழுந்து கூடும். தொடர்ந்து ஈரமாகவே இருந்தால் கொப்புள நோய் பரவும். 1946இல் இலங்கைக்கு வந்த இந்தப் பூஞ்சை, வெயில் படாத ஈர நாட்களில்தான் வளர்கிறது. மருந்தடிக்கும் சுற்றுகள் கூடும், செலவும் கூடும்.

கொழுந்து குறைந்தால் தோட்டத்துக்கு எவ்வளவு அடி?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்தில் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒருவர் 18 கிலோ பறித்தால் அது 4 கிலோ தூள், கிலோவுக்குப் பறிக்கும் கூலி 337 ரூபாய். வறட்சி மாதத்தில் 10 கிலோதான் கிடைக்கிறது என்றால் 2.2 கிலோ தூள், கிலோவுக்கு 608 ரூபாய். சேமலாப நிதியை இன்னும் சேர்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் நிர்வாகமும் தொழிலாளியும் முட்டிக்கொள்கிறார்கள். கிலோ வரவில்லை என்று அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது, நாட்சம்பளத்தை விட்டுப் பறித்த கிலோவுக்குக் கைக்காசு கொடுப்பது எல்லாம் வறண்ட மாதங்களில் தலைதூக்கும். மழை பெய்யாததற்கு மலையில் நிற்கும் பெண் பொறுப்பாக மாட்டார். வானிலையால் வரும் நட்டத்தை அன்றாடங்காய்ச்சியின் தலையில் கட்டுவது அநியாயம். அதோடு கெட்டிக்காரத்தனமும் இல்லை. அரைப் பேர் வாங்கியவர் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விடுவார், மழை வந்து கொழுந்து பொங்கும்போது பறிக்க ஆள் இருக்காது.

2021, 2022இல் விளைச்சல் விழுந்தது காலநிலையாலா?

முக்கிய காரணம் காலநிலை அல்ல. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தடை விலகியது. அதற்குள் டாலர் தட்டுப்பாடு வந்து உரத்தின் விலை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. நாட்டின் பொருளாதாரம் அந்த வருடம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது.

ஆனால் எரிசக்திக்கும் வளர்ச்சிக்கும் உள்ள முடிச்சை அந்த வருடம் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டவில்லை. யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் செய்யப்படுகிறது, வாயு விலை ஏறினால் உர விலையும் ஏறும். டீசலுக்கு டாலர் இல்லாமல் மின்வெட்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். ஒரு லீற்றரில் ஜெனரேற்றர் 3.3 யூனிட் அளவில்தான் கொடுக்கும், ஆக எண்ணெய்க்கு மட்டும் யூனிட்டுக்கு 139 ரூபாய். முறுக்கும் ரோலரில் ஏற்றிய கொழுந்து கரண்ட் வரும்வரை காத்திராது. கொழுந்தின் ஈரத்தைப் போக்க வாட்டும் தொட்டியில் விசிறி நின்றால் கொழுந்து தன் சூட்டிலேயே சிவந்துவிடும், அதற்குப் பிறகு அதிலிருந்து நல்ல தேயிலை எடுக்க முடியாது.

எங்கள் மலையில் ஓடுகிற தண்ணீரில்தானே கரண்ட் எடுக்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு விலை?

கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் மின்சாரமாக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர சொன்னது போன நூற்றாண்டின் தொடக்கத்தில். லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. பிறகு விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201 மெகாவாட், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை 150 மெகாவாட். நல்ல மழை வருடத்தில் நாட்டின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை இந்த நீர்த்தேக்கங்களே தரும். 2017 வறட்சியில் அது ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக இறங்கியது. மீதியை நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் நிரப்பின. அந்த எண்ணெய்க் காசுதான் விலையின் வேர்.

நீர்த்தேக்கம் பெரிதாகத் தெரிந்தாலும் இரண்டு பருவத்துத் தண்ணீரைச் சேர்த்து வைக்க முடியாது. மேல் கொத்மலையில் உள்ளது சிறிய குளம், வருகிற ஆற்றை அன்றன்றே ஓடவிடுவதுதான். மகாவலித் தண்ணீருக்கு வடமத்திய வயல்களும் காத்திருக்கின்றன. விதைப்புக் காலத்தில் தண்ணீரை வைத்திருப்பதா, திறப்பதா என்ற இழுபறி ஒவ்வொரு வறட்சியிலும் வரும்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. பின்னர் ஓரளவு குறைந்தது. குறைந்த காலங்களைப் பார்த்தால் அநேகமாக நல்ல மழை பெய்த காலங்களாகவே இருக்கும்.

தேயிலை பெக்டரியில் எரிசக்தி எங்கே செலவாகிறது?

மொத்த எரிசக்தியில் ஏறத்தாழ 85 சதவீதம் வெப்பம், அதாவது விறகு. மீதி மின்சாரம். 1 கிலோ தூளுக்கு 1.5 முதல் 2 கிலோ விறகும் 0.5 முதல் 0.8 யூனிட் மின்சாரமும் பொதுவான அளவு. உங்கள் பெக்டரி இதற்கு மேலே இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

எங்கே என்று தேடத் தண்ணீர்க் கணக்கைப் பிடியுங்கள். 100 கிலோ கொழுந்தில் 78 கிலோ தண்ணீர், 22 கிலோதான் திடப்பொருள். வாட்டிய பிறகு ஈரம் 55 சதவீதத்துக்கு வந்தால் எடை 49 கிலோ. அதை 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர ட்ரையர் 26 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். வாட்டுவது சரியில்லாமல் 65 சதவீத ஈரத்தில் இறக்கினால் எடை 63 கிலோ, ட்ரையருக்கு வேலை 40 கிலோ. ஒன்றரை மடங்கு விறகு! மேலே வாட்டும் அறையில் அவசரப்பட்டதற்குக் கீழே அடுப்படியில் கட்டணம் கட்டுகிறோம். மழையில் நனைந்த கொழுந்து 100 கிலோவுக்கு 15, 20 கிலோ தண்ணீரை மேலேயே ஒட்டவைத்துக்கொண்டு வரும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் விறகுச் செலவு ஏறுவதற்கு இது பாதிக் காரணம். மறுபாதி விறகும் நனைந்திருப்பது.

காய்ந்த விறகு, ஈர விறகு: வித்தியாசம் அவ்வளவு பெரிதா? எப்படிக் காயவைப்பது?

வெட்டிய கையோடு வரும் மரத்தில் பாதி தண்ணீர். அந்த நிலையில் 1 கிலோ தருவது ஏறத்தாழ 8 மெகாஜூல். ஈரம் 20 சதவீதத்துக்கு வந்தால் அதே 1 கிலோ 14 மெகாஜூல் தரும். நிறுத்து வாங்கும் பெக்டரி, ஒரு டன் ஈர விறகில் 500 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறது. அதை ஆவியாக்க மறுபடி விறகைச் செலவழிக்கிறது. வாங்கும்போதே கன மீற்றரில் அளந்து வாங்குங்கள். நிறுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ஈரத்தைச் சோதித்து எடையில் கழியுங்கள்.

காயவைக்கும் முறை இது:

1. மரத்தை அடுப்பு வாய்க்கு ஏற்ற நீளத்தில் அறுத்து, 10 சென்ரிமீற்றருக்கு மேல் பருமனானதைப் பிளக்க வேண்டும். பிளக்காத உருளை பட்டைக்குள் தண்ணீரைப் பூட்டிவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.
2. தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டையோ பழைய தண்டவாளமோ போட்டு அடுக்க வேண்டும்.
3. வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்று வீசும் திசைக்குத் திறந்த பக்கம் இருக்கும்படி வையுங்கள்.
4. கூரை கட்டாயம், சுவர் வேண்டாம். கூரையில் சில தகடுகளை ஒளி ஊடுருவும் தகடாகப் போட்டால் வெயிலும் உதவும்.
5. ஒவ்வொரு அடுக்கிலும் திகதி எழுதிய பலகை. முதலில் வந்தது முதலில் அடுப்புக்கு.

ஊவாப் பக்கத்து வெயிலில் இரண்டு மூன்று மாதம் போதும். மேற்குச் சரிவுகளில் நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். எனவே மேயில் தொடங்கும் மழைக்கு வேண்டிய விறகு ஜனவரியிலேயே கொட்டகைக்குள் இருக்க வேண்டும்.

ஈரமானி இருந்தால் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஈரமானி இல்லையென்றால் அடுக்கின் நடுவிலிருந்து ஐந்து கட்டைகளை எடுத்து வர்ணத்தால் அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் எடை 1 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், காற்றில் காயக்கூடியது அவ்வளவுதான்.

பெரும்பாலும் பிழை நேர்வது கொட்டகையில் அல்ல, அடுப்பில்தான். ஈர விறகு, காற்றைச் சூடாக்கும் குழாயில் கரி படியவைக்கும், கரி படிந்த குழாய் வெப்பத்தைக் கடத்தாது. குழாயில் துளை விழுந்தால் புகை சூடான காற்றோடு கலந்து ட்ரையருக்குள் போகும், தூளில் புகை வாடை ஏறும். ஏலத்தில் அந்தக் கிலோவுக்குக் கிடைக்காமல் போவது, மிச்சம்பிடித்த விறகுக் காசைவிட அதிகம்.

மின்சாரத்தில் எங்கே கை வைக்கலாம்?

வாட்டும் விசிறிகளில். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின் தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும், ஏனென்றால் மின் தேவை வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவில் (0.8 × 0.8 × 0.8) மாறுகிறது. 7.5 கிலோவாட் விசிறி 12 மணிநேரம் முழு வேகத்தில் ஓடினால் 90 யூனிட். முதல் ஆறு மணிநேரம் முழு வேகம், கொழுந்தின் மேல் ஈரம் போன பிறகு ஆறு மணிநேரம் 80 சதவீத வேகம் என்றால் 68 யூனிட். ஒரு தொட்டியில் ஓரிரவுக்கு 22 யூனிட் மிச்சம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட்டி அறையின் ஈரத்திலேயே பொருத்திவிட்டு ஒரு வருடத்தில் கழற்றி எறிந்த பெக்டரிகள் உண்டு. அதை உலர்ந்த, தூசி புகாத பெட்டியில் வையுங்கள். பழைய மோட்டாரென்றால் முதலில் அதன் காப்பைச் சோதியுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. காற்றின் ஈரத்தை அறிய வைக்கும் ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகளில் 3, 4 பாகை வித்தியாசம் காட்டினால் சூடான காற்று தேவையில்லை, வெளிக்காற்றே வாட்டும். பலரும் பழக்கத்தில் திறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலைக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, அதற்குப் பிறகு அதிகாலை 5.30 வரை மிகக் குறைவு. தண்ணீர் பம்பு, சல்லடை வேலைகளை அந்த நான்கு மணிநேரத்திலிருந்து நகர்த்துங்கள். எல்லா ரோலரையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ணினால் அந்த மாதத்து உச்சத் தேவைக் கட்டணமும் ஏறும்.

தோட்டத்து ஓடையில் சொந்தமாகக் கரண்ட் எடுக்கலாமா?

வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் அப்படித்தான் ஓடின. மதிப்பிடுவது எளிது: ஒரு நொடிக்கு வரும் லீற்றர், விழும் உயரம் மீற்றரில், இரண்டையும் பெருக்கி 5ஆல் பெருக்கினால் கிடைக்கும் வாட் அளவு தெரியும். 20 லீற்றர் வாளி 4 நொடியில் நிரம்புகிறது, உயரம் 30 மீற்றர் என்றால் 5 × 30 × 5 = 750 வாட். சில வீடுகளின் விளக்குக்குப் போதும், பெக்டரிக்குப் போதாது.

மழைக்காலத்தில் அளந்து ஏமாறாதீர்கள். ஹட்டன் பக்கம் பெப்ரவரி, மார்ச்சிலும் ஊவாவில் ஜூலை, ஆகஸ்டிலும் அளக்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் வாயில் இலை அடைப்பது, மணல் போய் சக்கரத்தைத் தின்பது, சுமை குறையும்போது வோல்ற்றேஜ் ஏறி வீட்டு பல்புகள் எல்லாம் எரிந்துபோவது, இந்த மூன்றும்தான் வழக்கமான கோளாறுகள். வலை, மணல் தொட்டி, மிஞ்சும் சக்தியைத் தண்ணீர் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவி மூன்றும் இல்லாமல் தொடங்கவே கூடாது. கீழே குடிதண்ணீர் எடுப்பவர்களுக்கு ஓடையில் தண்ணீர் விட்டாக வேண்டும்.

சூரிய மின்சாரம்?

மூடுபனிப் பக்கத்தில் 1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்கு 3 யூனிட் அளவு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், உலர் வலயத்து 4 யூனிட்டை நம்பி கடன் எடுக்காதீர்கள். தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 12 முதல் 15 கிலோ பாரம். பழைய லயத்து உத்தரங்கள் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. லயம் குடியிருப்பவரின் பேரில் இல்லாததால் கடனும் இணைப்பும் கிடைப்பது கடினம். காணி உறுதி இல்லாத குடும்பத்தால் எரிசக்தியில் முதலீடு செய்ய முடியாது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் மனதில் வாங்கவில்லை.

வீட்டு மின்கட்டணம் திடீரென்று ஏறுவது ஏன்?

60 யூனிட் எல்லையைக் கவனியுங்கள். மாதம் 60க்குள் இருந்தால் ஒரு அட்டவணை. 61 ஆனால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, நிலைக் கட்டணமும் கூடும். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் இருந்தால் இருவரும் சிக்கனமாக இருந்தும் எல்லை தாண்டும்.

மாதக் கணக்கில்: 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒரு நாளைக்கு 5 மணிநேரம், 1.4 யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு அதே நேரத்துக்கு 9 யூனிட். கேத்தலில் 1 லீற்றர் கொதிக்க 0.1 யூனிட். குளிருக்கு ஒரு நாளைக்கு 8 லீற்றர் வைத்தால் 24 யூனிட் அதற்கே போய்விடும். ஒருமுறை கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றினால் அதில் நல்ல பங்கு மிஞ்சும். விறகடுப்பென்றால் களிமண்ணில் செய்த இரண்டு பானை அணகி அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிட ஏறத்தாழ கால் பங்கு விறகை மிச்சப்படுத்தும். புகைபோக்கி வைத்தால் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நெஞ்சுக்கு நல்லது. பறித்துவிட்டு வந்து விறகும் சுமப்பவர் அவர்தான்.

எவ்வளவு மழை பெய்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்: 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால், அல்லது ஒரு மணிநேரத்தில் 75 என்றால், வெளியேற வேண்டும்.

மழையை நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, புனல்போல் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியக் கோடு போடுங்கள். மேலே அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெட்டையில் வைத்து, காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கடும் மழையில் மணிக்கொருமுறை பாருங்கள்.

மழை அளவு எட்டாவிட்டாலும் சில அடையாளங்கள் போதும்: சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது, மேட்டில் புது ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று கலங்குவது அல்லது திடீரென்று நின்றுபோவது, மின்கம்பம் சாய்வது. உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மேடு ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, போவதற்கு இடம்தான் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மறுபடியும் உயிர்களைக் கொண்டுபோனது. எச்சரிக்கையும் காணியும் சேர்ந்து வந்தால்தான் வெளியேறுதல் நடக்கும்.

மண் அரிப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக. வெலிமடை, நுவரெலியாப் பக்கம் சரிவை நேராகக் கொத்திப் போடும் உருளைக்கிழங்கு, கரட் பாத்திகளிலிருந்து கழுவிப்போகும் மண் கீழேயுள்ள நீர்த்தேக்கங்களில் படிகிறது. பொல்கொல்லையும் ரன்தெம்பையும் அப்படித் தூர்ந்தவை. தூர்ந்த கொள்ளளவு அளவுக்கு மின்சாரம் குறைகிறது.

தேயிலை மலையில் குறுக்குக் கான் 120க்கு 1 என்ற மென்சரிவில், இடையிடையே மண் தங்கும் குழியோடு வெட்டப்பட வேண்டும். சரிவு கூடினால் கானே ஓடையாகி மலையைக் கிழிக்கும். குறைந்தால் தண்ணீர் தேங்கி வழியும். மழைக்கு முன் கான் வாராத தோட்டத்தில், நன்றாக வெட்டிய கானும் வெட்டாததற்குச் சமம்.

ஏழை நாடு ஏன் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும்? வளர்ச்சிக்கு எரிசக்தி கூடத்தானே வேண்டும்?

கூடத்தான் வேண்டும். இலங்கையர் ஒருவர் வருடத்துக்கு வெளியிடுவது ஏறத்தாழ 1 டன், உலகச் சராசரி 4.5 டன்னுக்கு மேல். தலைக்கு மின்சாரப் பாவனை 700 யூனிட் அளவில்தான், உலகச் சராசரியில் அது ஐந்திலொன்று. குறைவாகப் பாவியுங்கள் என்று இந்த நாட்டுக்குச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுப்பது என்ற அரசின் இலக்கை நாங்கள் ஆதரிப்பது டாலரை எண்ணித்தான். எண்ணெயில் கட்டிய வளர்ச்சி, எண்ணெய் விலை ஏறும் நாளில் நின்றுபோகும் என்பதை 2022இல் எல்லோரும் பட்டு அறிந்தோம். நீர், காற்று, வெயில் மூன்றையும் கலந்து, வறட்சியில் காற்றும் வெயிலும் அணைத் தண்ணீரை மிச்சம்பிடிக்கும்படி செய்தால் அதே டாலர் உரத்துக்கும் இயந்திரத்துக்கும் போகும்.

ஐரோப்பாவின் எல்லைக் கரி வரி தேயிலைக்கு வருமா?

இப்போதைக்கு இல்லை. கரியமில வாயுவை வெளியிட்டுச் செய்த இறக்குமதிப் பொருள்களுக்குப் போடும் அந்த வரி இரும்பு, சீமெந்து, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். ஆனால் தேயிலை வாங்கும் பெரிய நிறுவனங்கள் கிலோவுக்கு எவ்வளவு விறகு, எந்தக் காட்டிலிருந்து என்று கேட்கத் தொடங்கிவிட்டன. விறகுப் பதிவேடு வைத்திருங்கள்.

பெக்டரிக்கு வேண்டிய விறகைத் தோட்டத்திலேயே வளர்க்க எவ்வளவு நிலம் வேண்டும்?

நாளொன்றுக்கு 1,000 கிலோ தூள், வருடத்தில் 300 நாள் என்றால் 300 டன். கிலோவுக்கு 1.75 கிலோ வீதம் 525 டன் விறகு. ஹெக்டேயருக்கு வருடம் 10 முதல் 15 டன் காய்ந்த விறகு என்று வைத்தால் 35 முதல் 53 ஹெக்டேயர். அதை ஏழு எட்டுப் பாகமாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பாகம் வெட்டினால் சுற்று முடியும்போது முதல் பாகம் மறுபடி தயாராக இருக்கும். வாட்டுவதைச் சரிசெய்து, விறகைக் காயவைத்துக் கிலோவுக்கு 1.4 ஆக்கினால் தேவை 420 டன்னாகும், நிலமும் ஐந்திலொரு பங்கு குறையும். ஆகையால் நடுவதற்கு முன் கொட்டகையைக் கட்டுங்கள்.

யூக்கலிப்டஸ் சீக்கிரம் வளரும், ஆனால் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஊற்றுக்கண்ணிலிருந்தும் ஓடைக்கரையிலிருந்தும் 30 மீற்றராவது தள்ளி வையுங்கள். அந்த இடைவெளியில் உள்ளூர் மரங்கள் நிற்கட்டும். கிளிரிசீடியாவை வரப்பிலும் கைவிட்ட மலைகளிலும் தடி ஊன்றி நடலாம், இலை செடிக்கு உரமாகும், தடி அடுப்புக்குப் போகும். தாழ்ந்த, நடு உயர இடங்களுக்குத்தான் அது சரிவரும். நுவரெலியாக் குளிரில் ஊன்றினால் பிடிப்பது கடினம்.